சிக்னலில் இறங்கும் ஆயில் பிரஷர் முள்

துபாயில் இருக்கும் வாசகர் ஒருவர் பழைய கார்வெட் (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கியிருக்கிறார். 2002 மாடல், 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் 60 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) காட்டுகிறதாம். நன்றாக ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் 28-க்கு இறங்கிவிடுகிறதாம். “எஞ்சின் போச்சா?” என்று கேட்கிறார்.

போகவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 1,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 1,000 சுற்றில்) 6, 2,000-ல் 18, 4,000-ல் 24 பி.எஸ்.ஐ. இருந்தாலே போதும் என்பது கார்வெட்டைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் தரும் அளவு. ரேஸ் ஓட்டுபவர்கள் 1,000 ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்று கணக்கு வைத்திருப்பார்கள். அது கொஞ்சம் தாராளமான கணக்கு.

முள் ஏன் இறங்குகிறது? பம்ப் செய்வதெல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு ஆயில் என்று தள்ளிவிடுவதுதான். அந்த ஆயில், சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங்குகளின் இடுக்குகளில் புகுந்து வெளியேறப் படும் பாட்டைத்தான் பிரஷர் என்று முள் காட்டுகிறது. 5டபிள்யூ-30 என்ற ரக ஆயில் 40 டிகிரியில் இருந்ததைவிட 100 டிகிரியில் ஐந்தாறு மடங்கு நீர்த்துப்போகும்; இடுக்கிலிருந்து சுலபமாக வழிந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது பம்பும் மெதுவாகச் சுற்றும். முள் இறங்காமல் என்ன செய்யும்? ஆர்.பி.எம். ஏறினால் பிரஷரும் ஏறும். எல்லை தாண்டினால் ரிலீஃப் வால்வ் திறந்து மிச்ச ஆயிலைத் திருப்பிவிடும்.

சரி, பெட்ரோல் எரியும்போது பிஸ்டனை டன் கணக்கில் விசை அழுத்துகிறதே, அதை 6 பி.எஸ்.ஐ. எப்படித் தாங்கும்? தாங்காது. தாங்குவது பம்பின் பிரஷரே அல்ல. எஞ்சின் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் பேரிங்குகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். சுழலும் அச்சின் மேல் பாதி வட்டமான தாங்கி, அதாவது பேரிங். அச்சின் அடிப்பக்கம் எண்ணெயில் தோய்ந்திருக்கும். மேலிருந்து எண்ணெய் விட, தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போகவில்லை, துளை வழியே மேலே பொங்கி வந்தது. கார்க்கால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கடைசியில் பிரஷர் மானியை மாட்டினார். தாங்கியின் மேலிருந்த பாரம் சராசரியாக 100 பி.எஸ்.ஐ.தான். மானியின் முள் 200-ஐயும் தாண்டிவிட்டது. அங்கே பம்ப் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்! டவரின் அறிக்கை வந்தது 1883-ல். 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் கொடுத்தார்.

பாரத்தால் அச்சு பேரிங்கின் நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியே சுற்றும். அதனால் இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கிறது. சுழலும் அச்சு தன்மேல் ஒட்டிய ஆயிலை அகலமான பக்கத்திலிருந்து குறுகலுக்குள் இழுத்துப் போகிறது. அங்கே ஆயில் நெருக்கியடித்துக்கொண்டு, பிரஷர் ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ.க்கு எகிறுகிறது, அச்சையே தூக்கிவிடுகிறது. மழையில் வேகமாகப் போகும் டயர் தண்ணீரின் மேல் ஏறிக்கொள்வதும் இதே வித்தைதான். டயருக்கு அது ஆபத்து, எஞ்சினின் முக்கிய அச்சான கிராங்க்சாஃப்டுக்கு அதுதான் உயிர். பம்பின் வேலை, அந்த இடுக்கில் ஆயில் தீராமல் பார்த்துக்கொள்வது.

டவரின் சோதனைக்குப் பணம் கொடுத்தது இயந்திரப் பொறியாளர்களின் சங்கம். “எண்ணெய் விட்ட அச்சின் உராய்வை அளக்கப்போகிறேன்” என்று இன்று ஒருவர் நிதி கேட்டுப் போனால், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

“பிரஷர் குறையுதா? கெட்டியான ஆயில் ஊத்துங்க” என்ற ஆலோசனையும், இடுக்கில் ஆயில் ஓடுவதுதான் முக்கியம் என்பதால், அடிபட்டுப்போகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறும், வாஸ்தவம். ஆனால் ரிலீஃப் வால்வ் சீக்கிரமே திறந்துகொண்டு, இடுக்கில் ஓடும் ஆயில் குறையும். புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவதில் மனத்திருப்தியாவது உண்டு, செலவும் குறைவு. பிஎம்டபிள்யூ இ46 எம்3 காருக்குக் கெட்டியான 10டபிள்யூ-60 ஊற்றுகிறார்களே என்றால், அது கம்பெனியே சொன்ன ஆயில்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வளைவு. ஈர்ப்பு விசைக்குச் சமமான பக்கவாட்டு விசையில் கார் திரும்பினால் எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியான சம்ப்பில் ஆயில் 45 டிகிரி சாய்ந்து ஒரு பக்கம் ஒதுங்கும். பம்பின் உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்தால் இடுக்கில் ஆயில் தீர்ந்து, உலோகத்தோடு உலோகம் உரசும். 2006 கார்வெட் இசட்06-க்கு டிரை சம்ப் வைத்தது இதற்காகத்தான். அதில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். ஆகவே ரேஸ் டிராக்கில் நீண்ட வளைவின் நடுவே முள் சட்டென்று விழுந்தால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

சாதாரணமாக ஓட்டும்போது முள் திடீரென்று பூஜ்யத்துக்குப் போய், எஞ்சினில் தட்டும் சத்தம் எதுவும் இல்லையென்றால், எல்எஸ்1-ல் பெரும்பாலும் குற்றவாளி சென்சார்தான். அப்போதும் வண்டியை நிறுத்திவிட்டு, மெக்கானிக்கை விட்டுத் தனி பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சென்சார் இருப்பது இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், கை நுழையாத மூலையில். கூலி கொஞ்சம் கூடத்தான் கேட்பார்.