ஸ்க்ரோல் சா பழகுகிறவர்களுக்கு: பிளேடும் தூசியும்

தமிழக-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீட்டுப் பெயர்ப்பலகை, சிலுவை, டிசம்பர் நெருங்கினால் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆட்டுக்குட்டி என்று நுணுக்க வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. அதனால் ஸ்க்ரோல் சா, அதாவது மெல்லிய பிளேடால் வளைவான உருவங்களை அறுக்கும் மேசை மெஷின், பழக வரும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் முதலில் கேட்பது, “அண்ணே, விரல் போயிருமா?”

பயம் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் வட்ட வாள்போல இது கட்டையைப் பிடித்து எறியாது. பிளேடு மேலும் கீழும்தான் போகும். விரலைப் பிளேடுக்கு நேர் முன்னால் வைக்காமல், இரு பக்கமும் உள்ளங்கையைப் பலகையோடு படியவைத்துப் பிடித்தால் போதும். சின்னத் துண்டு என்றால் ஒரு பெரிய வேஸ்ட் கட்டையில் டேப்பால் ஒட்டி அறுங்கள்.

பலரும் கோட்டை விடுவது பிளேடு மாட்டுவதில். பல் கீழே பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் முன்பக்கம் விரலை மெதுவாகக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள். விரல் பல்லில் தட்டுப்பட்டால் சரி. தலைகீழாக மாட்டினால் ஒவ்வொரு அடிக்கும் பலகை மேசையைவிட்டுத் துள்ளும். அப்புறம் இழுப்பு, அதாவது பிளேடு எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பது. நகத்தால் சுண்டினால் ‘டிங்’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் இன்னும் முறுக்குங்கள். பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் 3 மில்லிமீட்டருக்கு மேல் அசையக்கூடாது. தொய்ந்த பிளேடு வளைவில் உள்ளே வயிறு தள்ளும். மேலே கோடு சரியாகத் தெரியும், பலகையைத் திருப்பினால் அடியில் வேறு உருவம் இருக்கும்.

நேர்கோடு வரவில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள். சாதாரண பிளேடுகளை அச்சில் வெட்டி எடுக்கும்போது ஒரு பக்கம் பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக அரிப்பதால், பெரும்பாலும் வலதுபக்கமாக அறுப்பு விலகும். அந்த விலகலுக்குத் தக்கபடி பலகையைச் சில டிகிரி திருப்பிக் கொடுக்கக் கை தானாகப் பழகிவிடும். அழுத்தித் தள்ளிப் பயனில்லை, பிளேடு பின்னால் வளைந்து சூடேறி ஒடியும்.

பிளேடு ஒடிந்தால் பலகையைத் தொடாமல் முதலில் ஸ்விட்சை அணையுங்கள். பல மெஷின்களில் பிளேடைப் பிடிக்கும் மேல்கரத்தில் மாட்டியிருக்கும் மிச்சத்துண்டு துள்ளிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும் இதே விதிதான். நம்மூர் மழைக்காலத்தில் கரண்ட் போவதும் வருவதும் சகஜம். சாதாரண ஸ்விட்ச் உள்ள மெஷின் கரண்ட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும், அந்நேரம் உங்கள் கை பிளேடு மாற்றிக்கொண்டிருக்கலாம்.

பழக எந்த மரம்? பதப்படுத்திய ரப்பர் மரம் எடுங்கள், நார் ஒரே சீராக இருக்கும். மில்லில் பச்சையாக அறுத்ததை மலிவு என்று வாங்கினால் பூச்சி துளைத்து மாவாக்கிவிடும். தேக்கில் சிலிக்கா உண்டு, பிளேடு சீக்கிரம் மழுங்கும். தேக்கோ அயனியோ, காய்ந்த கட்டி மரத்தில் வரைபடத்தின் மேல் அகலமான பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் அறுப்பு கருகுவது குறையும். மெல்லிய பிளைவுட்டுக்கு நெருக்கமான பல் உள்ள பிளேடு வேண்டும். எந்நேரமும் மூன்று பல்லாவது மரத்துக்குள் இருக்கட்டும்.

கடைசியாகத் தூசி. வெட்டுக்காயம் ஆறிவிடும் என்பதால் எனக்கு இதுதான் பெரிய கவலை. மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. முக்கியமாக மூக்கறையிலும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும். தேக்குத் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பும் தரும். ஸ்க்ரோல் சாவில் முகம் பிளேடுக்கு மிக அருகில் இருக்கும். மெஷினில் இருக்கும் காற்று ஊதும் குழாய் கோட்டைத் தெளிவாகக் காட்டத்தான், தூசியை அள்ள அல்ல; சொல்லப்போனால் அதுதான் தூசியைக் காற்றில் கிளப்பிவிடுகிறது. கர்ச்சீப் கட்டினால் மெல்லிய தூசி உள்ளே போய்விடும். என்95 முகமூடி, கண்ணாடி, மேசைக்கு அடியில் ஒரு வேக்குவம் குழாய், இவ்வளவும் வாங்கிவிட்டு அப்புறம் பிளேடு வாங்குங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.