ஹாரர்: திகில் படமா, பேய்ப்படமா?

லத்தீனில் 'ஹொரேரே' என்றால் மயிர் சிலிர்த்து நிற்பது, நடுங்குவது. ஹாரர் அதன் வழி வந்த சொல். நம்முடைய 'மயிர்க்கூச்செறிதல்' குறிப்பதும் இதே உடற்குறியைத்தான். 1931-இல் யுனிவர்சல் நிறுவனத்தின் டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் வெளிவந்த பிறகே இது படவகையின் பெயராக ஊன்றியது. 1896-இல் பிரான்சில் மெலியே எடுத்த சில நிமிடப் பேய்க்கோட்டைப் படமும், 1922-இல் வந்த ஜெர்மானிய நோஸ்ஃபெராட்டுவும் பின்னாளில்தான் இந்தப் பெயருக்குள் சேர்க்கப்பட்டன.

தமிழில் ஒரே சொல் நிலைக்கவில்லை. 1940களில் காரைக்குடி அருகே தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்பு நிலையம் நடத்திய ஏவிஎம், 1948-இல் வேதாள உலகத்தை வெளியிட்டது. தலைப்பில் வேதாளம் இருந்தாலும் அது மாயாஜாலப் படம். பயமுறுத்துவது அதன் வேலையில்லை. 1966-இல் வந்த யார் நீயில் வெள்ளைச் சேலையும் பாட்டும் உண்டு, முடிவில் பேய் இல்லை. அது மர்மப் படம். 'திகில்' அதன்பின் பரவியது. பரவியதோடு திரில்லருக்கும் அதையே எழுதத் தொடங்கியதால் கூர் மழுங்கிப்போனது.

சரி, 'பேய்ப்படம்' என்றே வைத்துக்கொண்டால்? 1960-இன் சைக்கோவில் பேய் கிடையாது. சந்திரமுகியிலும் (2005) கதைப்படி இருப்பது மனநோய்தான், ஆனாலும் ஊரே அதைப் பேய்ப்படம் என்கிறது.

இங்கே தொல்காப்பியம் கைகொடுக்கும். உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் அதன் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம், பேய் முதலியவை), விலங்கு, கள்வர், இறை. அணங்கில் எக்ஸார்சிஸ்ட் (1973) முதல் காஞ்சனா (2011) வரை அடங்கும். விலங்கில் ஜப்பானின் காட்ஜில்லா (1954). கள்வர் என்ற இடத்தில் முகமூடிக் கொலைகாரனின் ஹாலோவீனை (1978) வைக்கலாம். இறை, அதாவது அரசன் போன்ற மேலிருப்பவரின் சினம், சினிமாவில் தனி வகையாகக் கிளைக்கவில்லை. பிணங்கள் மனிதரைத் தின்னும் படங்களுக்கு அச்சம் மட்டும் போதாது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் 'இழிப்பு', அதாவது அருவருப்பு, என்ற சுவையும் கூட வேண்டும். பேயை மட்டும் பிடித்துக்கொண்டால் நான்கில் ஒன்றுதான் கையில் நிற்கும்.

எழுதுகிறவர்கள் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். ஆவி உண்மையிலேயே கதையில் நடமாடினால் பேய்ப்படம். ஆவி இல்லாமல், படம் முழுக்க அச்சமே நோக்கமானால் திகில் படம். யார் செய்தது என்ற கேள்வி ஓட்டிச் சென்றால் மர்மப் படம். துரத்தலும் நேர நெருக்கடியுமானால் திரில்லர் என்றே விட்டுவிடுங்கள். 'பரபரப்புப் படம்' விளம்பர வாசகம்போலத்தான் ஒலிக்கிறது.

செட்டிநாட்டுப் பக்கம் கதை எழுதும்போது இன்னொரு வழுக்கல். 'காத்துக் கருப்பு அடிச்சிருச்சு' என்று ஆச்சிமார் சொல்வது கெட்ட ஆவியை. கருப்பர் வேறு, அவர் எல்லை காக்கும் தெய்வம், முனீஸ்வரரும் அப்படியே. படத்துக்கு சப்டைட்டில் எழுதுபவர் இவர்களையும் பேய் என்று பெயர்த்தால், கும்பிடு போடும் காட்சி பேயோட்டும் காட்சியாகிவிடும்.

ஒற்றையும் கவனியுங்கள்: பேய்ப்படம் என்பதில் 'ப்' வரும். திகில் படம் பழைய புணர்ச்சி விதிப்படி 'திகிற்படம்' ஆக வேண்டும். இன்றைய சுவரொட்டியில் அப்படிப் போட்டால் படத்தின் பெயரே அதுதான் என்று நினைப்பார்கள், பிரித்தே எழுதுங்கள்.