ஆறில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிக்கொண்டு வந்த முதல் செய்தி ஒரே வரிதான்: “எங்கள் பள்ளிக் கழிப்பறைகள் மிகவும் மோசமாக உள்ளன.” நாளிதழ் டெஸ்கில் பத்தொன்பது வருடம் அடுத்தவர் எழுத்தைத் திருத்தியே பிழைத்தவன் நான். கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. அடக்கிக்கொண்டு, “மொத்தம் எத்தனை கழிப்பறை இருக்கும்மா?” என்று கேட்டேன். விழித்தாள். “போய் எண்ணிட்டு வா.”

பத்து நிமிடத்தில் வந்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டுக் குறித்திருந்தாள். பெண்கள் பக்கம் ஆறு. அதில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் குழாய் உடைந்து கிடக்கிறது. “தாழ்ப்பாள் இல்லாததுக்கு ரெண்டு பேராத்தான் போவோம் சார். ஒருத்தி வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்குவா” என்றாள். அதை முதல் வரியாக வை என்றேன்.

வாரத்தில் ஒரு நாள் அரசுப் பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகளோடு சேர்ந்து சுவர்ப் பத்திரிகை நடத்துவது இப்போது என் வேலை. நாலு சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஒரு டப்பா பசை, அவ்வளவுதான் முதலீடு. பள்ளிக்கல்வித் துறையே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று மாணவர்களுக்கு இதழ்கள் கொண்டுவருகிறது, நல்ல காரியம். ஆனால் அவை வெளியே அச்சாகிப் பள்ளிக்கு வருபவை. தன் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பிள்ளைகள் எழுத, வராந்தாச் சுவர்தான் வேண்டும்.

என்னைக் கூப்பிடுகிற பள்ளிகள் பெரும்பாலும் கேட்பது வேறு. “பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு ஒரு மணி நேரம் பேசிட்டுப் போங்க சார்.” தொடக்கத்தில் நானும் புரொஜெக்டரோடு போனவன்தான். தீபாவளி இரவில் இந்தியா ஜொலிப்பதை நாசா எடுத்தது என்று வருடா வருடம் சுற்றும் படத்தைப் போடுவேன். உண்மையில் அது ஒரே இரவில் எடுத்த படமே அல்ல. பல ஆண்டுகளின் இரவு வெளிச்சத்தை ஆண்டுக்கு ஒரு நிறமாக அடுக்கி, நகரங்கள் எப்படிப் பெருகின என்று காட்டுவதற்காகச் செய்தது. அடுத்து, நம் தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக வரும் செய்தி. யுனெஸ்கோ அப்படி அறிவிக்கவே இல்லை. பிள்ளைகள் சிரிப்பார்கள், கை தட்டுவார்கள். அடுத்த வாரம் அதே வகுப்புக்குப் போனால், கலெக்டர் பெயரில் வந்த போலி அறிவிப்பைக் காட்டி, “நாளைக்கு மழை லீவு சார்!” லீவு என்று வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

சந்தேகப்படும் பழக்கம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்து வரவில்லை. தாங்கள் எழுதியதே தப்பாகப் போனபோதுதான் வந்தது. கபடிப் போட்டியில் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு ஜெயித்ததாக ஒரு நிருபர் எழுதிவிட்டான். ஜெயித்தது ‘ஏ’. போட்டியை அவன் பார்க்கவில்லை, ‘பி’ பிரிவு நண்பன் சொன்னதை எழுதியிருக்கிறான். மதிய இடைவேளைக்குள் ‘ஏ’ பிரிவே திரண்டு வந்துவிட்டது. தாளைக் கிழித்துவிடலாம் என்றான். வேண்டாம், பக்கத்திலேயே ‘திருத்தம்’ என்று ஒட்டு என்றேன். எழுதும்போது அவன் காது சிவந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எந்தத் தாள் வந்தாலும், “நீ பாத்தியா, யாராவது சொன்னாங்களா?” என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்த வகுப்பில்தான் 2018 சம்பவத்தைச் சொன்னேன். பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய நாட்கள் அவை. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியை ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. நாட்டின் வேறு பகுதிகளிலும் இப்படி உயிர்கள் போன பிறகு, ஜூலையில்தான் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கபடி நிருபர்தான் கேட்டான்: “அனுப்பினவங்க திருத்தம் போட்டாங்களா சார்?” எங்கே ஒட்டுவது? அது யார் யாருக்குப் போனது என்று அனுப்பியவருக்கே தெரியாதே.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். பாதிக்கப்பட்ட அல்லது வழக்கில் சிக்கிய சிறார் பற்றிய செய்தியில் பெயர், படம், பள்ளி எதுவும் வரக் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74 அதைத் தடை செய்கிறது. சார்ட் பேப்பர்தானே என்று விட முடியாது. யாராவது செல்லில் படம் பிடித்துக் குரூப்பில் போட அரை நிமிடம் போதும்.

சரி, தாழ்ப்பாள் செய்திக்கு வருகிறேன். காலையில் ஒட்டியது, மதியம் இல்லை. தலைமை ஆசிரியர் கழற்றச் சொல்லிவிட்டார். “இன்ஸ்பெக்‌ஷன் வர்ற நேரத்துல என்ன சார் இது?” கோபத்தோடுதான் அவர் அறைக்குப் போனேன். “என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?” என்றார். அங்கே என்னிடம் பதில் இல்லை. சம்பந்தப்பட்டவரின் பதில் இல்லாமல் என் டெஸ்கில் எந்தச் செய்தியும் தாண்டியதில்லை. சுவர்தானே என்று நானே அசட்டையாக இருந்திருக்கிறேன். தாளைக் கழற்றியது தப்பு, கேட்காமல் ஒட்டியதும் தப்பு. இரண்டையும் சொன்னேன். முதலாவதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் தச்சர் வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார். பழைய தாள் சுவருக்குத் திரும்பவில்லை. “சரி பண்ணிட்டாங்கன்னும் நாமதானே சார் போடணும்?” என்று அவள் கேட்டாள். இந்த முறை நோட்டோடு தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பினேன். நான் வாசலில் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “மூணு தாழ்ப்பாளும் போட்டாச்சு, குழாயும் மாத்தியாச்சு. எழுதிக்கோ” என்றார்.

அவள் பேனாவை மூடினாள். “இருங்க சார், பாத்துட்டு வந்து எழுதிக்கிறேன்.”