தின்லைன் ஆர்ச்டாப்: சொல் விளக்கம்

தமிழில்: மெல்லுடல் குவிமுகக் கிட்டார்.

மேற்பலகை வயலினைப் போல நடுவில் குவிந்தும், உடலின் ஆழம் குறைந்தும், இரு பக்கமும் ‘எஃப்’ வடிவத் துளைகளோடும் இருக்கும் மின்கிட்டார் வகை இது. இதற்கு முன் வந்த ஆர்ச்டாப்புகள் ஆழமானவை. 1949இல் வந்த கிப்சன் ஈஎஸ்-175இன் ஆழம் 3⅜ அங்குலம். 1955இல் அதே நிறுவனம் வெளியிட்ட பைர்ட்லாண்டில் அது 2¼ அங்குலமாகக் குறைந்தது. பில்லி பைர்ட், ஹாங்க் கார்லண்ட் என்ற இரு கலைஞர்களின் பெயர்களை இணைத்து வைத்த பெயர் அது. 1958இல் வந்த ஈஎஸ்-335இல் ஆழம் ஏறத்தாழ 1¾ அங்குலம்தான். அகலமோ 16 அங்குலம்.

‘ஆர்ச்’ என்பதன் வேர், வில்லைக் குறிக்கும் ‘ஆர்க்குஸ்’ என்ற லத்தீன் சொல். ‘டாப்’ என்பது கிட்டாரின் மேற்பலகை. பலகையைக் குவித்துச் செதுக்கும் முறையை மிச்சிகனின் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன் கையாண்டார். அவ்வகை மேண்டலினுக்கு 1898இல் காப்புரிமையும் பெற்றார். ‘எஃப்’ துளைகள் 1922இல் எல்-5 கிட்டாரோடு வந்தன. ‘ஈஎஸ்’ என்பது எலெக்ட்ரிக் ஸ்பானிஷ் என்பதன் சுருக்கம். மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாயியன் கிட்டாரிலிருந்து பிரித்துக் காட்ட வைத்த பெயர் அது.

வேர்ச்சொல்லைப் பார்த்து ‘வில்முகம்’ என்று பெயர்த்தால் பொருள் பிசகும். வில் ஒரு திசையில் மட்டும் வளையும். இந்தப் பலகை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மேலெழும்பி நிற்கிறது. குவிலென்சு என்று பாடநூலில் படித்தவர்களுக்குக் ‘குவிமுகம்’ சட்டென்று விளங்கும். ‘தட்டை’ என்பது கூடவே கூடாது. அது ஃப்ளாட்டாப் எனப்படும் எதிர்வகைக்கு உரியது. ‘மெல்’ என்ற அடையை உடலோடு சேர்ப்பதே சரி, பலகையோடு அல்ல. மெலிந்திருப்பது முன்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையிலுள்ள ஆழம். மற்ற உறுப்புகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. வீணை செய்பவர்களிடம் குதிரை (பிரிட்ஜ்), மெட்டு (ஃப்ரெட்), பிரடை (தந்தியை முறுக்கும் முளை), தண்டி (நெக்) எல்லாம் இருக்கின்றன. அவை கிட்டாருக்கு அப்படியே பொருந்தும்.

பலகையைக் குவிக்க இரு வழிகள் உண்டு. பைர்ட்லாண்டில் கெட்டி ஸ்ப்ரூஸ் மரத்தைச் செதுக்கினார்கள். 335இல் மேப்பிள், பாப்லர் மென்தகடுகளைப் பசையிட்டு அடுக்கி, அச்சில் வைத்து அழுத்தினார்கள். இதை மலிவு வேலை என்று ஒதுக்குவோர் உண்டு, அது தவறு. ஒட்டுப்பலகை விறைப்பானது. ஒலிபெருக்கியின் சத்தத்துக்கு அது எளிதில் அதிராததால், ஊளைச் சத்தம் எழுவதும் குறைகிறது.

335இன் உண்மையான வேலைப்பாடு உள்ளே இருக்கிறது. தண்டி சேரும் இடத்திலிருந்து அடிப்பகுதிவரை ஒரு மேப்பிள் கட்டை ஓடுகிறது. கட்டை நேரானது, பலகையோ குவிந்தது. இடைவெளியை நிரப்ப ஸ்ப்ரூஸ் பட்டைகளில் வரிசையாக வெட்டுகள் போட்டு, குவிவுக்கேற்ப வளையச் செய்து, மேலும் கீழும் ஒட்டினார்கள். இந்தப் பொருத்தம் பிசகினால் பசை பிடிக்காது. சில சுரங்களில் மட்டும் ‘கிர்ர்’ என்று ஓர் அதிர்வு கேட்கும். மெட்டுகளையும் குதிரையையும் சரிபார்த்த பிறகும் அது நீங்காவிட்டால், கட்டையின் மேல் பலகையை விரலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். பசை விட்ட இடம் பொள்ளலாக ஒலிக்கும்.

தின்லைன் என்றாலே உள்ளே கட்டை உண்டு என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. அச்சொல் ஆழத்தை மட்டுமே சொல்கிறது. 1959இல் வந்த ஈஎஸ்-330 வெளித்தோற்றத்தில் 335இன் இரட்டைப்பிறவி. உள்ளே முழுப் பொள்ளல். எபிஃபோன் நிறுவனத்தின் கசினோவும் அப்படியே. துளைவழியாக விளக்கடித்தால் 335இல் மரச்சுவர் தெரியும். 330இல் மறுபக்கத் துளைவரை வெளிச்சம் போகும். 1960களின் பெரும்பகுதியில் செய்த 330இல் தண்டி 16ஆம் மெட்டருகே உடலோடு சேரும். 335இல் 19ஆம் மெட்டருகே. 1968இல் ஃபெண்டர் வெளியிட்ட டெலிகாஸ்டர் தின்லைனின் முகமோ தட்டையானது. அது தின்லைன்தான், ஆர்ச்டாப் அன்று.

இவ்வகைப் பழைய கிட்டார்களுக்கு வழங்கும் ‘விண்டேஜ்’ என்பது திராட்சை அறுவடையிலிருந்து வந்த சொல். எந்த ஆண்டு விளைச்சல் என்பதே அதன் உயிர். கிட்டாரிலும் அப்படித்தான். ‘பழைய’ என்பதைவிட ‘1959ஆம் ஆண்டுச் செய்கை’ என்று எழுதுவதே நேர்த்தி. அக்கால 335களில் துளைவழியே பார்த்தால், உள்ளே மையில் குத்திய ஆலை எண் தெரியும். அதில் ‘T’ என்ற ஆங்கில எழுத்து 1958ஐயும், ‘S’ 1959ஐயும் குறிக்கும். விரல்பலகையில் மெட்டிடைக் குறிகள் 1962வரை புள்ளிகள், பிறகு கட்டங்கள். மேற்பலகையில் துளையிட்டுப் பொருத்தி, தந்திகளைத் தாங்கும் கட்டைவால்பிடி 1965இல், உடலின் அடிமுனையில் மாட்டும் ட்ரப்பீஸ் வகைக்கு மாறியது. எனவே 1960களின் பிற்பகுதிக் கிட்டாரில் கட்டைவால்பிடி இருந்தால், பெரும்பாலும் யாரோ பிறகு துளையிட்டிருக்கிறார்கள் என்றே பொருள். விலை பேசும்முன் அதைக் கேட்டுவிட வேண்டும்.

வயது கூடும்போது ஓரப்பட்டையின் செல்லுலாய்டு சுருங்கி, இடுப்பு வளைவில் பிய்ந்து நிற்கும். நைட்ரோசெல்லுலோஸ் மெருகில் மயிரிழை வெடிப்புகள் விழும். குளிரிலிருந்து திடீரென வெப்பத்துக்குக் கொண்டுபோனால் இன்னும் பெருகும். பெட்டியோடு சில மணிநேரம் அறையில் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது.

மின்பகுதியைக் கழற்றும் வேலைக்குப் பொறுமை வேண்டும். முதுகில் மூடி கிடையாது. ஒலியளவையும் தொனியையும் மாற்றும் நான்கு திருகிகள், ஒரு சுவிட்ச், ஒரு ஜாக் எல்லாம் ‘எஃப்’ துளைவழியேதான் வரவேண்டும். கழற்றும்முன் ஒவ்வொரு திருகியின் தண்டிலும் மெல்லிய ரப்பர் குழாயோ நூலோ கட்டி, எது எந்தத் துளைக்கு என்று குறித்து வையுங்கள். திரும்பப் பொருத்தும்போது நூலை இழுத்தால் தண்டு தன் துளைக்கே வந்து சேரும். துளையின் விளிம்பில் மெருகு உரியாமலிருக்க, அங்கே மெல்லிய துணியை மடித்து வையுங்கள்.