85 சதவீதம் என்றால் எதில் 85?

களியக்காவிளை, அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்கள் வீட்டுப் பின்புறத்தில் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஆசிட் கேன் இருக்கும். பார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த எரிச்சலில் பங்குள்ள அதே அமிலம்தான். ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்க இது வேண்டும். கேனில் 85 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை எல்லாரும் பார்க்கிறோம், எதில் 85 என்று கேட்பதில்லை. கேட்காமல் விட்டால் கணக்கு ஐந்தில் ஒரு பங்கு தப்பிப்போகும்.

கேனில் போட்டிருப்பது எடைக் கணக்கு. 100 கிராம் திரவத்தில் 85 கிராம் அமிலம், மீதி 15 கிராம் தண்ணீர். ஆனால் தோட்டத்தில் ஆசிட்டை யாரும் தராசில் நிறுப்பதில்லை, மில்லி கணக்கில்தான் ஊற்றுகிறோம். இந்த அமிலம் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு மில்லி ஏறக்குறைய 1.2 கிராம் இருக்கும். அதில் 85 சதவீதம் என்றால் 1.02 கிராம். ஆக, 100 மில்லி ஆசிட்டில் சுத்தமான அமிலம் 102 கிராம் இருக்கிறது! நூறில் நூற்றிரண்டு எப்படி வரும் என்று திகைக்க வேண்டாம். மேலே இருப்பது கிராம், கீழே இருப்பது மில்லி. ஒரே கேன்தான், எடைக்கு எடை பார்த்தால் 85, கொள்ளளவுக்கு எடை பார்த்தால் 102.

இதில் கைக்கு வசதியான ஒரு சுருக்கம் கிடைக்கிறது. கேனில் உள்ள ஒரு மில்லி என்பது கிட்டத்தட்ட ஒரு கிராம் சுத்த அமிலம். 10 லிட்டர் ஒரு சதவீதக் கரைசல் வேண்டும், அதாவது 100 மில்லிக்கு ஒரு கிராம் வீதம் என்றால், மொத்தம் 100 கிராம் அமிலம் தேவை. அதற்கு 98 மில்லி போதும். இதையே '85-ஐ ஒன்றாகக் குறைக்க வேண்டும்' என்று நேராக வகுத்தால் 118 மில்லி வரும். 20 மில்லி கூடுதல். தினமும் ஷீட் அடிக்கும் வீட்டில் இது வீண் செலவு மட்டுமில்லை. அமிலம் மிஞ்சிய ஷீட் சரியாகக் காயாது, ரோலரும் அரிக்கும்.

இன்னொன்று. 10 லிட்டர் தண்ணீர் எடுத்து அதில் ஆசிட்டைச் சேர்ப்பதும், ஆசிட் சேர்த்த பிறகு 10 லிட்டர் கோடுவரை நிரப்புவதும் வேறு வேறு. நீர்த்த கரைசலில் வித்தியாசம் சிறியது, கெட்டியான கரைசலில் பெரியது. கோடுவரை நிரப்புவதுதான் சரியான முறை. முதலில் வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர், பிறகு ஆசிட், அப்புறம் மீதித் தண்ணீர். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கையில் உறை இல்லாமல் கேனைத் திறக்கவும் கூடாது. 85 சதவீத பார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கிவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சரி, எதற்கு இத்தனை பாடு? ஒரு டிஷ்ஷுக்கு, அதாவது பாலை உறைய வைக்கும் தட்டுக்கு, தேவையான இரண்டு மில்லியை நேராகப் பாலில் ஊற்றிவிட்டால் என்ன? ரப்பர் பாலில் நுண்ணிய ரப்பர் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிப் புரத உறை, அதன்மேல் எதிர்மின்னேற்றம். எல்லாமே எதிர்மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாலாகவே இருக்கின்றன. அமிலம் அந்த மின்னேற்றத்தை அணைக்கிறது. புதுப் பாலின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண் (அமிலம் கூடினால் இது குறையும்), 6.5-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். அது 5-ஐ ஒட்டி இறங்கும்போது துகள்கள் ஒட்டிக்கொண்டு உறைகின்றன. கெட்டி ஆசிட்டை ஊற்றினால் விழுந்த இடத்தில் மட்டும் செறிவு எகிறி, அந்த நொடியே அங்கே கட்டி விழுந்துவிடும். ஆசிட்டின் ஒரு பகுதி கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும், சுற்றியுள்ள பால் உறையாமல் கிடக்கும். மொத்த அளவு சரிதான், ஆனால் செறிவு இடத்துக்கு இடம் வேறு. நீர்த்த கரைசலாக ஊற்றிக் கலக்கினால் டிஷ் முழுக்க ஒரே சீராக உறையும்.

பாலுக்கும் செறிவு உண்டு. மரத்திலிருந்து வரும் பாலில் காய்ந்த ரப்பர் 30 முதல் 40 சதவீதம் இருக்கும். மரத்தைப் பொறுத்தும் பருவத்தைப் பொறுத்தும் மாறும். ஷீட்டுக்கு அதை 12.5 சதவீதமாக நீர்க்க வைப்பது வழக்கம், அதாவது 4 லிட்டருக்கு அரைக் கிலோ ரப்பர். 35 சதவீதப் பால் 10 லிட்டர் இருந்தால் அதில் ரப்பர் மூன்றரைக் கிலோ. தண்ணீர் சேர்ப்பதால் ரப்பர் கூடுவதுமில்லை குறைவதுமில்லை. மூன்றரைக் கிலோ 12.5 சதவீதமாக இருக்க 28 லிட்டர் வேண்டும். ஆக, சேர்க்க வேண்டிய தண்ணீர் 18 லிட்டர். நீர்த்தல் கணக்கு எல்லாமே இவ்வளவுதான்: கரைந்திருப்பதோ மிதப்பதோ, உள்ளே இருக்கும் பொருளின் அளவு மாறாது. ரப்பர் பால் ஒரு லிட்டர் கிட்டத்தட்ட ஒரு கிலோ என்பதால் இங்கே எடையா கொள்ளளவா என்ற குழப்பம் பெரிதாக உதைக்காது. ஆசிட்டில்தான் உதைக்கும்.

அந்த 35-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? தோட்டத்தில் மெட்ரோலாக் என்ற மிதவை இருக்கிறது. ரப்பர் தண்ணீரைவிட லேசு. பாலில் ரப்பர் கூடக் கூடப் பால் லேசாகி, மிதவை ஆழமாக இறங்கும். ஒரு பங்கு பாலோடு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, மேலே நிற்கும் நுரையை ஊதித் தள்ளிவிட்டு, கழுத்தில் உள்ள கோட்டைப் படிக்க வேண்டும். அடர்த்தி வித்தியாசம் சிறியது என்பதால் நுரையும் சூடும்கூட அளவைக் குழப்பும். பாலில் வேறு ஏதாவது கலந்திருந்தால் மிதவைக்கு அது தெரியாது. பாலாகவே விற்பவர்களுக்கு இந்த எண்தான் விலை. ஆகவே ஆய்வகத்தில் உறைய வைத்து நிறுத்துப் பார்ப்பதையே நான் நம்புவேன். 10 கிராம் பாலை உறைய வைத்து, மெல்லிய தகடாக அழுத்தி, அடுப்பில் முழுக்கக் காய வைத்து நிறுத்தால் 3.4 கிராம் வருகிறதா? அப்போது 34 சதவீதம். உறைய வைக்காமல் பாலை அப்படியே வற்ற வைத்தால் புரதம், சர்க்கரை எல்லாம் சேர்ந்து சில சதவீதம் கூடுதலாகக் காட்டும். அது மொத்தத் திடப்பொருள் கணக்கு, ரப்பர் கணக்கு அல்ல.

மழைக்கு முன் அடிக்கும் பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவையிலும் இதே கேள்வி வரும். ஒரு சதவீதக் கலவை என்றால் ஒரு கிலோ துருசு (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, மொத்தம் 100 லிட்டர். அந்த ஒரு சதவீதம் நீலப் படிகத்துக்குத்தான். படிகத்துக்குள்ளேயே 36 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. பூஞ்சையைக் கொல்லும் செம்பு 25 சதவீதம்தான். 100 லிட்டரில் கால் கிலோவை ஒட்டிய செம்பு.

இதுவரை பார்த்தது எல்லாம் எடை. ஆனால் பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிவது எடை பார்த்து அல்ல, எண்ணிக்கை பார்த்து. அதற்காகத்தான் வேதியியலில் மோல் என்ற அலகு. பார்மிக் அமிலத்தில் ஒரு மோல் 46 கிராம், அம்மோனியாவில் 17 கிராம்; இரண்டிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது மோலார் செறிவு. கேனில் இருப்பது 22 மோலார், நாம் கரைத்த ஒரு சதவீதம் 0.22 மோலார்.

இது பள்ளிக்கூடக் கணக்கு மட்டுமில்லை. பால் சீக்கிரம் திரிந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். அந்தப் பாலில் வழக்கமான அளவு ஆசிட் ஊற்றினால் சில நேரம் உறையவே உறையாது, 'ஆசிட்டில் பவர் இல்லை' என்று கடைக்காரர்மேல் பழி விழும். ஒரு அம்மோனியா மூலக்கூறு ஒரு அமில மூலக்கூறைத் தின்றுவிடும். 17 கிராமுக்கு 46 கிராம், அதாவது ஒரு கிராம் அம்மோனியாவுக்கு 2.7 கிராம் அமிலம். ஒரு டிஷ்ஷுக்கு 200 மில்லி ஒரு சதவீதக் கரைசல் ஊற்றுகிறீர்கள் என்றால் அதில் இருப்பது 2 கிராம் அமிலம். டிஷ்ஷில் ஒரு கிராம் அம்மோனியா இருந்தால் அந்த 2 கிராமும் அதற்கே போய்விடும், ரப்பருக்கு ஒன்றும் மிஞ்சாது. முதலில் அம்மோனியாவுக்கு 2.7 கிராம், அப்புறம் உறைய வைக்க 2 கிராம்: ஒரு சதவீதக் கரைசலில் 470 மில்லி.