கலங்கரை விளக்கத்தின் கண்ணாடிக்கூடு

தீவுக் கரையில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தின் சுழற்படிகளை ஏறி உச்சி அறைக்குப் போனால், முதலில் கண்ணில் படுவது விளக்கு அல்ல. அதைச் சுற்றி, பெரிய நிலையங்களில் இரண்டரை மீட்டர் உயரம்வரை எழுந்து நிற்கும் கண்ணாடிக்கூடுதான். கரைதல் என்றால் அழைத்தல். கலங்களை அழைக்கும் விளக்கம் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அந்த அழைப்பைத் தொலைகடலுக்குக் கொண்டுசேர்ப்பது இந்த லென்ஸ் கூடு.

விளக்கின் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். கப்பலுக்கு வேண்டியதோ தொடுவானத்தை ஒட்டிய மெல்லிய பட்டை மட்டும். அதை ஒன்றுதிரட்ட இவ்வளவு பெரிய சாதாரண லென்ஸ் செய்தால், நடுவில் தடித்துப் பாரம் கூடும்; கண்ணாடியே ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஒளி வளைவது பரப்பில்தான், உள்ளிருக்கும் தடிமனால் பயனில்லை என்பதைப் பிடித்துக்கொண்டார் பிரான்சின் அகஸ்டின் ஃப்ரெனல். வளைபரப்பை வளையம் வளையமாக வெட்டி, வேண்டாத கண்ணாடியை நீக்கினார். அவருடைய லென்ஸ் 1823இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏறியது.

கூட்டின் நடுவே காளைக்கண் போன்ற வட்டவில்லையும் அதைச் சுற்றிய வளையங்களும் ஒளியை விலக்கி வளைப்பவை. மேலும் கீழும் அடுக்கிய முக்கோணப் பட்டகங்களின் வேலை வேறு. அங்கே செங்குத்தாக வரும் ஒளியை விலகல் மட்டும் திருப்பிவிட முடியாது. பட்டகத்துக்குள் ஒரு முகத்தில் 42 பாகைக்கும் மேலான கோணத்தில் பட்டு, முழு அக எதிரொளிப்பு அடைந்து, கிடைமட்டமாக வெளியேறுகிறது. ரசம் பூசாத கண்ணாடியே அங்கு ஆடியாகிறது.

இத்தனை வேலைப்பாடும் விளக்கு சரியான இடத்தில் இருந்தால்தான் பலிக்கும். பெரிய நிலையங்களில் வைக்கும் முதல்தர லென்ஸின் குவியத்தூரம், அதாவது விளக்குக்கும் லென்ஸுக்கும் இருக்க வேண்டிய இடைவெளி, 920 மி.மீ. விளக்கு 1 செ.மீ. உயர்ந்துவிட்டால் கற்றை சுமார் 0.6 பாகை கீழே சாயும். 36 மீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் கற்றையின் மையம் 3.3 கி.மீ. தொலைவிலேயே கடலில் விழுந்துவிடும். விளக்கு மாற்றும்போதெல்லாம் உயரத்தை அளந்து பார்ப்பது இதற்காகத்தான்.

விளக்கு அணைந்து எரிவதில்லை, லென்ஸ்தான் சுழல்கிறது. முகத்துக்கு ஒரு கற்றையாக வீசும் நான்கு முகங்கள் கொண்ட கூடு 40 விநாடிக்கு ஒரு சுற்று வந்தால், கப்பலுக்கு 10 விநாடிக்கு ஒரு மின்னல் தெரியும். பல டன் எடையை இப்படிச் சுழற்ற, 1890களிலிருந்து பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். விரலால் தள்ளினாலே நகரும். படிக்கட்டின் நடுவே பல கோபுரங்களில் காணும் வெற்றுக்குழாய், கடிகாரப் பொறியை இயக்கிய எடைக்கட்டி இறங்கும் வழி. இரவில் சில மணிக்கொருமுறை காவலர் அதைச் சுற்றி மேலேற்ற வேண்டியிருந்தது. பாதரசத்தில் தூசி படிந்தால் சுழற்சி தடுமாறும், மின்னலின் இடைவெளி பிசகும். அதன் ஆவி நஞ்சு என்பதால் தொட்டியருகே கை வைக்கக் கூடாது.

இங்கே கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. 9 செ.மீ. அகலச் சுடர் தந்த கற்றையின் விரிவு ஏறத்தாழ 5.6 பாகை. விநாடிக்கு 9 பாகை சுழலும் லென்ஸில் அது 0.6 விநாடி மின்னும். அதே இடத்தில் 1 செ.மீ. அகல எல்இடி வைத்தால் மின்னல் விநாடியில் பதினான்கில் ஒரு பங்குதான். பிரகாசம் இருந்தும் அலையில் ஆடும் மாலுமியின் கண் அதைத் தவறவிடக்கூடும். பழைய லென்ஸுக்குப் புது விளக்கு பொருத்துவது பல்ப் மாற்றுவதுபோல் எளிதல்ல.

பகலில் லென்ஸ் தலைகீழாக வேலை செய்யும். வெயிலைக் குவித்து விளக்குப் பகுதியைக் கருக்கிவிடும். அதனால்தான் பகலில் திரை தொங்குகிறது. உள்ளே பார்க்க விலக்கினால் உடனே மூட வேண்டும்.

எவ்வளவு தூரம் தெரியும் என்பதைப் பூமியின் வளைவும் தீர்மானிக்கிறது. விளக்கின் உயரம், பார்ப்பவர் கண்ணின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, வர்க்கமூலங்களைக் கூட்டி 2.08ஆல் பெருக்கினால் கடல் மைல் கிடைக்கும். 36 மீட்டர் விளக்கு, 4 மீட்டர் உயரத் தளம்: 16.6 கடல் மைல், அதாவது சுமார் 31 கி.மீ. அதற்கு அப்பாலும் தெளிந்த இரவில் வானத்தைத் துழாவும் மங்கல் ஒளி தெரியும். விளக்கு தொடுவானத்துக்கு மேலே வருமுன்பே அதன் இடைவெளியை எண்ணி, எந்த நிலையம் என்று கண்டுகொள்வார்கள்.