குவாண்டைசேஷன்: சுருக்கலா, சொட்டாக்கலா?

மருத்துவக் கட்டுரைகளைப் படித்துப் பழகிய மொழி மாதிரி ஒன்றை, அதாவது கேள்விக்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரலை, சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம் என்று இறங்கினால் முதலில் காலைத் தடுக்குவது குவாண்டைசேஷன் என்ற சொல்தான். ஒரே மாதிரிக்குப் பல கோப்புகள் வரிசையாகக் கிடக்கும்: கியூ8_0, கியூ5_கே_எம், கியூ4_கே_எம், கியூ2_கே. அந்தக் கியூ, குவாண்டைசேஷனின் முதலெழுத்து. தமிழில் இதைப் பற்றி எழுதும்போது 'சுருக்கிய மாதிரி' என்று போட்டுவிட்டுக் கடந்துவிடுவது எளிது, ஆனால் அங்கேதான் சிக்கல். ஜிப் கோப்பைச் சுருக்கி விரித்தால் உள்ளே வைத்தது ஒரு எழுத்து மாறாமல் திரும்பக் கிடைக்கும். இதில் போனது போனதுதான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'குவாண்டஸ்' என்றால் 'எவ்வளவு'. 1900-இல் மாக்ஸ் பிளாங்க், ஆற்றல் தொடர்ச்சியாக ஓடாமல் குறிப்பிட்ட அளவுகளாகத்தான் கொடுக்கல் வாங்கல் ஆகிறது என்று சொன்ன பிறகு 'குவாண்டம்' இயற்பியலின் சொத்தாகிவிட்டது. அப்புறம் தொலைபேசிப் பொறியாளர்கள் அதைத் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். குரல் அலை எந்த மதிப்பையும் எடுக்கலாம், அதை எண்களாக அனுப்ப வேண்டுமானால் முன்பே குறித்துவைத்த சில மட்டங்களில் அருகில் இருப்பதோடு ஒட்டவைக்க வேண்டும், அந்த ஒட்டவைப்புக்குத்தான் குவாண்டைசேஷன் என்று பெயர். இசைக் குறுந்தகட்டில் 16 பிட், அதாவது 65,536 மட்டங்கள். மொழி மாதிரிக்காரர்கள் வாங்கியிருப்பது இந்தப் பொறியாளர்களின் பொருளைத்தான். பிளாங்குக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு, குவாண்டம் கணினியோடும் அப்படித்தான்.

சரி, மாதிரிக்குள் என்னதான் நடக்கிறது? பயோமிஸ்ட்ரல் 7பி-யை எடுத்துக்கொள்வோம். மிஸ்ட்ரல் என்ற பொது மாதிரியை, பப்மெட் சென்ட்ரல் என்ற மருத்துவக் கட்டுரைக் களஞ்சியத்தின் ஆய்வுக் கட்டுரைகளால் மேலும் பயிற்றி 2024-இல் வெளியிட்டார்கள். அதில் சுமார் 724 கோடி எடைகள், அதாவது மாதிரி கற்றதைச் சேமித்துவைத்திருக்கும் எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். மொத்தம் 14.5 ஜிபி, சாதாரண மடிக்கணினியின் நினைவகத்தில் இதை ஏற்றினால் வேறு எதற்கும் இடம் இருக்காது. இப்போது எடைகளை 32, 32-ஆகக் கட்டு கட்டுகிறோம். ஒரு கட்டில் அளவில் பெரிய எண் -0.56 என்று வையுங்கள். 4 பிட்டில் 16 மட்டங்கள்தான் கிடைக்கும், ஆகவே அந்த 0.56-ஐ எட்டால் வகுத்து 0.07 இடைவெளியில் மட்டங்களை வைக்கிறோம். அந்தக் கட்டில் இருக்கும் 0.0374 அருகிலுள்ள 0.07-க்குத் தாவிவிடும். பக்கத்தில் இருந்த 0.0312 பூஜ்யமாகிவிடும். இரண்டுக்கும் நடுவே இருந்த வேறுபாடு வெறும் 0.0062, இப்போது அது 0.07! கியூ4_0 என்ற பழைய முறை இதுதான். ஒவ்வொரு கட்டுக்கும் அந்த 0.07-ஐயும் 16 பிட்டில் சேமிக்க வேண்டியிருப்பதால் பெயரில் 4 இருந்தாலும் எடைக்குச் செலவாவது 4.5 பிட்.

கியூ4_கே_எம் கொஞ்சம் சாமர்த்தியமானது. 256 எடைகளைப் பெரிய கட்டாக வைத்து அதற்குள் சிறு கட்டுகள் பிரிக்கும், பிழை தாங்காத சில பகுதிகளுக்கு மட்டும் 6 பிட் கொடுக்கும். கோப்பு 4.4 ஜிபி அளவில் நிற்கும். கியூ8_0 என்றால் 7.7 ஜிபி. பதிலில் வரும் ஒவ்வொரு சொல்துண்டுக்கும் எடைகள் முழுவதையும் நினைவகத்திலிருந்து படித்தாக வேண்டும் என்பதால் கோப்பு சிறுத்தால் பதிலும் வேகமாக வரும். கோப்பின் அளவுக்கு மேல் உரையாடலுக்கென்று தனியாக நினைவகம் வேண்டும், அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி தமிழ்ச் சொல். 'குவாண்டமாக்கல்' என்றால் வாசகர் மனம் நேரே அணுவுக்குப் போய்விடும். 'துளிமமாக்கல்' நல்ல சொல்தான், மூன்று முறை சேர்ந்தாற்போல் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். 'படியாக்கம்' எனக்குப் பிடித்திருந்தது, படி என்பது ஏறும் படியும் ஆகும், அளக்கும் படியும் ஆகும், 'எவ்வளவு' என்ற வேர்ப்பொருளுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் மருத்துவ மாதிரியைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அது ஒத்துவராது, டிஎன்ஏ-விலிருந்து ஆர்என்ஏ உருவாவதைப் பாடநூல்கள் 'படியெடுத்தல்' என்கின்றன, இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் குழப்பம் நிச்சயம்.

என் ஓட்டு 'சொட்டாக்கல்' பக்கம். இலங்கைப் பாடநூல்களில் குவாண்டம் எண்ணைச் 'சக்திச் சொட்டெண்' என்று படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல. தொடர்ந்து ஓடுவதைத் தனித்தனிச் சொட்டாகப் பிரிப்பது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வினையாகவும் வளைகிறது: 4 பிட்டுக்குச் சொட்டாக்கிய மாதிரி, சொட்டாக்கிப் பார்த்தேன், சொட்டாக்காத மூலம். சொட்டையாக்கல் என்று யாராவது கிண்டல் செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். எடைகளில் ஒரு பகுதியையே வெட்டி எறிவது 'கத்தரித்தல்', பெரிய மாதிரியைப் பார்த்துச் சின்ன மாதிரியைப் பயிற்றுவது 'வடித்தல்'. இவற்றையும் 'சுருக்கல்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் எதில் என்ன இழந்தோம் என்று கேட்கவே வழியில்லாமல் போய்விடும்.

மருத்துவத்தில் அந்தக் கேள்வி முக்கியம். ஹைட்ராக்சிசின் அரிப்புக்குக் கொடுப்பது, ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு. பெயர்கள் ஒட்டிப்பிறந்தவை போல இருக்கும், மனிதர்களே மாற்றிப் படித்துவிடுகிறார்கள். 2 பிட் வரை இறக்கிய மாதிரி இப்படி ஒன்றில் தடுமாறினாலும் வாக்கியம் மட்டும் கொஞ்சமும் தடுமாறாமல் சரளமாக வரும், அதனால் படிக்கிறவருக்குச் சந்தேகமே தட்டாது. சொட்டாக்காத மாதிரியும் தவறு செய்யும்தான், பயோமிஸ்ட்ரலை உருவாக்கியவர்களே அதை மருத்துவப் பணியில் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தனிப்பட்ட குறிப்புகள் கணினியை விட்டு வெளியே போகாமல் கட்டுரைகளைத் துழாவவும் சோதித்துப் பார்க்கவும் என்றால் சரி. அதற்கும் கியூ8_0-ஐயும் கியூ4_கே_எம்-ஐயும் இறக்கிவைத்து, பதிலில் தற்செயல் எவ்வளவு கலக்கலாம் என்று சொல்லும் 'வெப்பநிலை' அமைப்பைப் பூஜ்யத்தில் நிறுத்தி, இப்படிப் பெயர் ஒத்திருக்கும் மருந்துகளைப் பற்றி ஒரே கேள்விகளை இரண்டிடமும் கேளுங்கள். பதில்கள் எங்கே பிரிகின்றனவோ அந்த இடங்களை மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யாரிடமாவது 'இந்த மாதிரி நன்றாக வேலை செய்கிறது' என்று சொல்லும்போது எத்தனை பிட்டுக்குச் சொட்டாக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிட் தெரியாமல் கேட்பவருக்கு அந்தத் தகவலால் எந்தப் பயனும் இல்லை.